நார்மன் ஆஸ்பார்ன் சாவானா, ஜெயிலுக்குப் போவானா, திருந்துவானா? அடுத்த ஸ்பைடர்மேன் கேமுக்கு எந்த தியரிய நம்பலாம்

ரெண்டாவது கேம இன்னும் முடிக்காதவங்க இங்கயே கெளம்பிடுங்க, கீழ எல்லாமே ஸ்பாய்லர்தான். முடிச்சவங்களுக்கு அந்தக் கடைசி சீன் ஞாபகம் இருக்கும். பீட்டரோட ஃபிரண்டு ஹாரி கோமால படுத்துக் கெடக்குறான், எழுந்திரிப்பானான்னே தெரியல, அவன் அப்பா நார்மன் ஆஸ்பார்ன் போன எடுத்து ஜி-சீரம்ங்கிற மருந்த ரெடி பண்ணுங்கன்னு சொல்றான். அப்புறம் கிரெடிட்ஸ் நடுவுல ராஃப்ட் ஜெயிலுக்குப் போயி முதல் கேம் வில்லன் டாக் ஆக் முன்னாடி நின்னு அந்த ரெண்டு ஸ்பைடர்மேனும் (பீட்டர், மைல்ஸ்) யாருன்னு பேரச் சொல்லுங்கிறான். டாக் ஆக் சொல்லல, அவரு பாட்டுக்கு எதையோ எழுதிட்டே இருக்காரு, என்ன எழுதுறேன்னு கேட்டா கடைசி அத்தியாயம்ங்கிறாரு. அவ்ளோதான், கட். 2023 அக்டோபர்ல வந்த கேம், இன்னும் ஜனங்க இந்த ரெண்டு சீனையே புழிஞ்சு புழிஞ்சு தியரி எடுத்துட்டு இருக்காங்க.

இந்த கேம செஞ்ச இன்சோம்னியாக் கம்பெனி இப்ப வோல்வரின் கேம்ல பிசி, அது 2026ல வரும்னு சொல்லியிருக்காங்க, அதனால ஸ்பைடர்மேன் மூணாவது பாகத்துக்கு நம்ம கையில இன்னும் நெறைய நேரம் இருக்கு, சண்ட போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், 2023 டிசம்பர்ல அந்த கம்பெனிய ஹேக் பண்ணி வெளிய விட்ட டாக்குமெண்ட் எதையும் நான் இதுல இழுக்கல. ரெண்டு காரணம், ஒண்ணு அது திருட்டு, இன்னொண்ணு பழைய பிளான் பேப்பர வச்சு பேசினா அது தியரியே இல்ல. வந்த மூணு கேம் (2018 கேம், மைல்ஸ் மொராலஸ், ரெண்டாவது பாகம்), அப்புறம் காமிக்ஸ், இது ரெண்டும்தான் கணக்கு.

தியரிக்குள்ள போறதுக்கு முன்னாடி நார்மன் மேல இருக்குற கேஸ் லிஸ்ட ஒரு தடவ பாத்துக்கணும், ஏன்னா பாதி பேர் இத மறந்துட்டுத்தான் பேசறாங்க. 2018 கேம்ல வில்லன் டாக் ஆக்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா டெவில்ஸ் ப்ரெத்ங்கிற கொடிய வைரஸ உருவாக்குனது நார்மனோட கம்பெனி ஆஸ்கார்ப். குடும்பத்துல இருக்குற மரபணு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கறேன்னு ஆரம்பிச்சது, ஹாரியோட அம்மா எமிலி அந்த நோயிலதான் போனாங்க, ஹாரிக்கும் அதேதான். அந்த மருந்த சின்னப் பையனா இருந்த மார்ட்டின் லீ மேல டெஸ்ட் பண்ணப் போயி லீயோட அப்பா அம்மா அங்கயே செத்தாங்க, லீ உள்ள ஒரு பேய் குடியேறிடுச்சு. அந்த லீ பெரியவனாகி பழிவாங்க வந்ததுல மைல்ஸோட அப்பா செத்தாரு. டாக் ஆக்க பாருங்க, கூட சேந்து கம்பெனி ஆரம்பிச்ச மனுஷன், அவரோட செயற்கை கை ப்ராஜெக்ட்டுக்கு வந்த பணத்தக்கூட விடாம புடுங்குனது மேயர் நார்மன். அதுக்கப்புறம் அவரு அந்த வைரஸ ஊர் பூரா தெறந்து விட்டாரு, பீட்டர வளத்த மே ஆன்ட்டி அதுலதான் போனாங்க. பீட்டர் கையில மருந்து இருந்தும், அத ஆன்ட்டிக்குக் குடுத்தா ஊருக்கு மருந்து தயாரிக்க சாம்பிள் இருக்காதுன்னு குடுக்காம விட்ட சீன் இருக்கே, இன்னொரு தடவ பாக்க எனக்கு தெம்பு இல்ல. இத்தனைக்கும் நார்மன் கட்டுன விலை என்ன? மேயர் பதவிய ராஜினாமா பண்ணிட்டு கம்பெனிய பாத்துட்டு இருக்கான். ரெண்டாவது கேம்ல சிம்பியோட்ட (உடம்புல ஒட்டிக்கிட்டு ஆளையே மாத்துற வேற்றுகிரக உயிர்) ஹாரி மேல ஏத்துனதும் அதே ஆளுதான்.

அதாவது இவன் இன்னும் காப்ளினே (காமிக்ஸ்ல நார்மன் பச்ச டிரஸ் போட்டு ஆகுற வில்லன்) ஆகல, அதுக்குள்ள இவ்ளோ. அதனால நான் எந்த தியரிய பாத்தாலும் மொதல்ல கேக்குற கேள்வி இதுதான், இந்த முடிவு காப்ளினுக்கான முடிவா இல்ல நார்மனுக்கான முடிவா? பச்ச டிரஸ் போட்டதுக்கு அப்புறம் பண்ணதுக்கு மட்டும் தண்டன குடுத்துட்டு முடிச்சா, டிரஸ் போடறதுக்கு முன்னாடி கோட்டு சூட்டுல பண்ணதெல்லாம் அப்டியே தள்ளுபடி ஆயிடும்.

முதல் தியரி எல்லாருக்கும் தெரிஞ்சது. கிளைடர். சண்ட முடியுற நேரத்துல நார்மன் ரிமோட்ல கிளைடர (காப்ளின் நின்னுட்டு பறக்குற வண்டி) பின்னாடி இருந்து வர வைப்பான், ஸ்பைடர் சென்ஸ் அடிக்கும், பீட்டர் நகருவான், கிளைடர் நார்மன் மேலயே பாயும். 1973ல அமேசிங் ஸ்பைடர்மேன் 122வது இஷ்யூல நடந்தது இது, அதுக்கு முந்துன 121ல பீட்டரோட காதலி க்வென் ஸ்டேசி செத்தா. 2002 சினிமாவுலயும் இதேதான். இந்த தியரிய நம்பறவங்க சொல்ற பாயிண்ட்ல ஒரு நியாயம் இருக்கு, இந்த கேம் சீரிஸ்ல ஸ்பைடர்மேன் யாரையும் கொல்ல மாட்டான், ஆனா வில்லன் சாவணும்னா இது ஒண்ணுதான் சுத்தமான வழி, கையில ரத்தம் படாது. கேம் விளையாடற கோணத்துல பாத்தாலும் செமயா இருக்கும், ரெண்டாவது கேம்ல வெப் விங்ஸ் குடுத்து வானத்துல பறக்க விட்டாங்க, ஆனா வானத்துலயே முழுசா நடக்குற ஒரு பெரிய பாஸ் ஃபைட்டு மனசுல நிக்கிற மாதிரி குடுக்கல, கிளைடர்ல ஒருத்தன் மன்ஹாட்டன் கட்டடத்துக்கு நடுவுல வெரட்டிட்டு வர்றத நெனச்சாலே கை அரிக்குது.

ஆனா முடிவுன்னு பாத்தா எனக்கு இது வேணாம். ஒண்ணு, எல்லாரும் எதிர்பாக்குறது. இந்த டீம் எதிர்பாக்குறத குடுக்குற டீம் இல்ல, சிம்பியோட் வில்லன் வெனம்னா எடி ப்ராக்னு உலகமே சொல்லிட்டு இருந்தப்ப ஹாரிய வெனம் ஆக்குனவங்க இவங்க. ரெண்டாவது, அந்த கிளைடர் சாவு ஒரு விபத்து. ஆள் டக்குனு போயிடுவான், லீ விஷயமும் மே ஆன்ட்டி விஷயமும் ஒருத்தன் வாயிலயும் வராம முடிஞ்சிடும். இதுல இன்னொரு கூத்து, காமிக்ஸ்லயே இந்த சாவு நிக்கல, 1996ல நார்மன் குத்துக்கல்லாட்டம் திரும்பி வந்து நின்னான், இத்தன வருஷமா யூரோப்ல ஒளிஞ்சிருந்தேன்னு ஒரு கத. இதுல வேற மாதிரி ஒரு வெர்ஷனும் சுத்துது, பீட்டரோட காதலி எம்ஜேவ பாலத்து மேல இருந்து தள்ளிவிடுவான், க்வென்னுக்கு பதிலா அவ சாவான்னு. போங்கப்பா, வில்லன் முடிவ பத்தி பேச வந்தா ஹீரோயின கொல்றதுலயே குறியா இருக்கீங்க.

ரெண்டாவது தியரி ஜெயில், அதாவது புடிச்சு ராஃப்ட்ல போடறது, டாக் ஆக் பக்கத்து செல்லுலயே. இத பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, முதல் கேம் முடிவயே திரும்ப குடுக்குற மாதிரி இருக்கும். பழைய பார்ட்னருங்க ரெண்டு பேரும் எதுரெதுர் கம்பிக்குப் பின்னாடி உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு இருக்குற ஒரு ஷாட்டுக்கு மட்டும் நான் காசு குடுப்பேன்.

மூணாவது ரெட் காப்ளின். இதுக்குத்தான் யூடியூப்ல தம்ப்நெயில் ஜாஸ்தி. காரணமும் இருக்கு, ரெண்டாவது கேம்ல அந்த ஃப்ளேம் சைட் மிஷன்ஸ் பண்ணவங்களுக்குத் தெரியும், முன்னாடி போலீசா இருந்த யூரி வாட்டனபே கூட சேந்து நெருப்பு வைக்கிற ஒரு கும்பல துரத்திட்டுப் போவோம், கடைசில அந்த கும்பல் தலைவன்தான் க்ளீட்டஸ் கசாடி, சிம்பியோட் சாம்பிள தூக்கிட்டு ஓடிடறான். சைட் மிஷன்ல இவ்ளோ பெரிய ஆள வச்சு விட்டுட்டாங்கன்னா அடுத்த கேம்ல கார்னேஜ் (சிம்பியோட் ஏறுன கசாடி) உறுதி. அப்ப காப்ளினும் கார்னேஜும் ஒரே கேம்லன்னா, 2018 காமிக்ஸ்ல வந்த ரெட் காப்ளின், அதாவது கார்னேஜ் சிம்பியோட் நார்மன் மேல ஏறுற கத, கண்ணு முன்னாடி வந்து நிக்கிது. அந்த கதையோட முடிவு நெஜமாவே நல்லா இருக்கும், 800வது இஷ்யூல முடியும், பீட்டர் அடிச்சு ஜெயிக்க மாட்டான், இந்த சிம்பியோட் இல்லாம நீ நார்மனா நின்னு என்கூட மோத முடியுமான்னு அவன் கர்வத்த சீண்டுவான், அந்த வீம்புல அவன் வந்து மாட்டுவான். முடிவுல நார்மனுக்கு மூள கொழம்பி தன்னையே க்ளீட்டஸ் கசாடின்னு நெனச்சுட்டு உக்காந்திருப்பான்.

கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா கேமுக்கு ஒத்து வராதுன்னு நெனக்கிறேன். போன கேம் முழுக்க சிம்பியோட்தான், பீட்டருக்கு ஏறுச்சு, ஹாரிக்கு ஏறுச்சு, எம்ஜேவுக்கு ஏறுச்சு, ஊருக்கே ஏறுச்சு, மறுபடியும் கடைசி பாஸுக்கும் அதேன்னா சலிச்சிடும். அத விட பெரிய பிரச்ன ஒண்ணு இருக்கு. தன் பையன கோமால தள்ளுனதே சிம்பியோட்தான்னு நார்மனுக்குத் தெரியும். அத திரும்ப தொடுவானா? இந்த நார்மன் பைத்தியக்கார வில்லன் இல்ல, பையன் உயிர தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாத அப்பன், அவன அங்க கொண்டு போக ரொம்ப வளைக்கணும். கார்னேஜ தனியா ஒரு கதையா விட்டுடலாம், அதுக்கு யூரி இருக்கா.

டாக் ஆக் நார்மன கொல்வாருங்கிற தியரிக்கு ஆதாரம் அந்த கடைசி அத்தியாயம் டயலாக் மட்டும்தான். இத நான் சீக்கிரம் தாண்டிடறேன், ஏன்னா முதல் கேம்லயே அவரு நார்மன டவர் மேல இழுத்துட்டுப் போயி கொல்ல பாத்தாரு, ஸ்பைடர்மேன் நடுவுல பூந்து காப்பாத்துனான். பண்ண முடியாததயே இன்னொரு தடவ பண்ண வைக்கிறது ஒரு கதையா? அவரு எழுதிட்டு இருக்குறது வேற ஏதோ திட்டம், 2013ல இருந்து வந்த சுப்பீரியர் ஸ்பைடர்மேன் கத மாதிரி பீட்டர் உடம்புக்குள்ள பூருறதா கூட இருக்கலாம், அது தனி கட்டுர.

இப்ப எனக்குப் புடிச்ச ஏரியாவுக்கு வர்றேன். ஜி-சீரம் யாருக்கு? இந்த ஒரு கேள்வில தியரி ரெண்டா பிரியுது. ஒரு கூட்டம் சொல்லுது, நேரா ஹாரிக்கு ஊசி போட்டுடுவான், ஹாரிதான் காப்ளின்னு. காமிக்ஸ்ல 1974ல ஹாரி காப்ளின் ஆயிருக்கான், 1993ல பீட்டர காப்பாத்திட்டு சாவான், அதனால ஆதாரம் இல்லாம பேசல. அப்டி போச்சுன்னா நார்மனோட கதி என்னன்னா, பையன நிறுத்த முடியாம, அவன் கையாலயே சாவான் இல்லன்னா அவனுக்கு குறுக்க விழுந்து உயிர விடுவான். கேக்கும்போது கண்ணு கலங்குது. ஆனா ஹாரி போன கேம்ல ஒரு முழு வில்லன் பயணத்த முடிச்சவன், வெனமா நின்னவன், கூட்டாளியோட மோதினவன், மைல்ஸ் கரண்ட் குடுத்துதான் இதயத்த திரும்ப ஓட வச்சான். அதே பையன திரும்ப எழுப்பி, திரும்ப மூஞ்சிய மாத்தி, திரும்ப பீட்டர அடிக்க விடறதுன்னா அது ரெண்டாவது கேமயே இன்னொரு கலர்ல பெயிண்ட் அடிச்சு விக்கிறதுதான். ரெண்டாவது கேமயே இந்தியாவுல 2023ல 4,999 ரூபாய் குடுத்து வாங்குனோம், புது கதையா குடுங்கப்பா.

இன்னொரு கூட்டம் சொல்றதுதான் எனக்கு சரியா படுது. மூணு கேமா நாம பாத்த நார்மன், சரியா டெஸ்ட் பண்ணாதத அடுத்தவங்க மேலயும் பையன் மேலயும் ஏத்தி அடி வாங்குனவன். டெவில்ஸ் ப்ரெத் போச்சு, சிம்பியோட் போச்சு, ரெண்டும் அடுத்தவன் உடம்புலயோ பையன் உடம்புலயோ டெஸ்ட் ஆச்சு. மூணாவது தடவ? முதல்ல தனக்கே போட்டுப் பாப்பான். அதுதான் அவன் வாழ்க்கைலயே பண்ற ஒரே தியாகம், அதுவே அவன காப்ளின் ஆக்கிடும். இது உண்மையா இருந்தா எவ்ளோ கொடுமையான எழுத்து பாருங்க, முதல் தடவையா ஒரு மனுஷன் சரியானது பண்ண நெனக்கிறான், அதுலதான் கெட்டுப் போறான்.

அப்ப முடிவு என்ன? இங்க திருந்துற தியரி வருது, மருந்து குடுத்து சரி பண்ணி அனுப்பிடறது. சமீபத்து காமிக்ஸ்லயும் 2020க்கு அப்புறம் நார்மனோட பாவத்த எல்லாம் கழுவி விட்டு நல்லவனாக்கி, பீட்டருக்கே டிரஸ் செஞ்சு குடுக்குற ஆளா மாத்துனாங்க. இந்த கேம்லயும் திருந்துன வில்லனுங்க நெறைய, டூம்ஸ்டோன் கோனி ஐலேண்ட்ல ஒழுங்கா வேல பாக்குறான், லீயே கடைசில பீட்டர் உடம்புல மிச்சம் இருந்த சிம்பியோட்ட ஜெயிக்க உதவி பண்ணாரு. அதனால நார்மனும் திருந்துவான்னு சொல்றது ஈஸி. ஆனா டூம்ஸ்டோன் ஜெயில்ல இருந்துட்டு வந்தான், லீ இத்தன வருஷம் உள்ள கெடந்து வெந்தாரு. நார்மன் ஒரு நாள் கூட எதுக்கும் பதில் சொல்லல. காப்ளினுக்கு மருந்து குடுத்து சரி பண்ணா, உள்ள இருந்து வெளிய வர்றது நல்லவன் இல்ல, டெவில்ஸ் ப்ரெத்த மூடி மறைச்ச அதே நார்மன்தான். இதத்தான் இந்த தியரி பேசறவங்க கவனிக்கல. காப்ளின குணப்படுத்துனா கத முடியாது, அங்கதான் ஆரம்பிக்கும்.

என் பந்தயம் அதனால இதுல. நார்மன் உயிரோட இருப்பான், காப்ளின் அவன் உடம்ப விட்டு எறங்கும், ஹாரி எழுந்திரிப்பான், ஆனா எழுந்த ஹாரி அப்பாவுக்கு எதுரா வாக்குமூலம் குடுப்பான். எல்லாத்தையும், லீ விஷயத்துல இருந்து. நெனச்சுப் பாருங்க, ரெண்டு கேமா அந்தப் பையன் எழுந்து கண்ணத் தொறக்கணும்னு ஊரயே எரிச்சவன், அவன் கண்ணத் தொறந்ததும் பேசற முதல் முக்கியமான பேச்சு இவனுக்கு எதுராங்கும்போது, அதுக்கு முன்னாடி கிளைடர் குத்தெல்லாம் ஒரு தண்டனையா? இதுல லீக்கும் ஒரு எடம் கெடைக்கும், மைல்ஸுக்கும். மைல்ஸோட பங்கு பெருசா இருக்கணும்னு நான் நெனக்கிறேன், ஏன்னா அப்பாவ கொன்ன லீய கொல்லாம விட்டவன் அவன், மே ஆன்ட்டி சாவுக்கு மூல காரணம் இவன்தான்னு பீட்டருக்குள்ள கோவம் கொதிக்கும்போது நிறுத்தச் சொல்ற தகுதி அவனுக்கு மட்டும்தான் இருக்கு. பீட்டர் நார்மன கீழ விழ விடலாமா பிடிக்கலாமான்னு ஒரு செகண்டு யோசிக்கிற எடம் வந்துச்சுன்னா, எல்1 ஆர்1 அமுக்கி வல வீசுற பட்டன நம்ம கையில குடுக்கணும், டக்குனு குடுக்காம கொஞ்சம் லேட்டா குடுக்கணும். முதல் கேம்ல இதே ஆள டாக் ஆக் கையில இருந்து காப்பாத்துனப்ப பீட்டருக்கு பாதி விஷயம்தான் தெரியும், இந்த தடவ எல்லாம் தெரிஞ்சும் பிடிக்கணும்.

இதுல ஓட்ட இருக்கான்னா இருக்கு. கடைசி பாகத்துல மெயின் வில்லன் உயிரோட கோர்ட்டுக்குப் போறது வீடியோ கேமுக்கு கொஞ்சம் சப்புனு போயிடும்னு சொல்வாங்க, சரிதான், எண்ட் கார்டுக்கு முன்னாடி ஒரு வெடி வேணும், கிளைடர் வெடிச்சு சிதறுற வெடி இருந்தா போதும், ஆள் அதுல இருக்கணும்னு இல்ல. இன்னொண்ணு, நார்மனுக்கு ஸ்பைடர்மேன் யாருன்னு எப்ப தெரியவரும்ங்கிறதுல என் தியரிக்கு பதில் இல்ல, டாக் ஆக் சொல்லல, ஹாரிக்குத் தெரியும் ஆனா கோமால இருக்கான். சின்ன வயசுல இருந்து வீட்டுக்கு வந்து போன பையன்தான் அதுன்னு தெரியுற அந்த சீன சண்டைக்கு நடுவுல வைக்கிறாங்களா, அமைதியா ஒரு சாப்பாட்டு டேபிள்ல வைக்கிறாங்களாங்கிறத பொறுத்து நார்மன் மேல நமக்கு வர்ற எரக்கம் மாறும். டேபிள்னா அவன் பொழைக்க சான்ஸ் ஜாஸ்தி.

இப்பவே பெட்டு கட்டணும்னா, கிளைடர் சாவுக்கு ரெண்டாவது எடம் குடுப்பேன், எனக்குப் புடிக்கலன்னாலும் ஸ்டூடியோவுக்கு பயம் வந்தா எடுக்குற ரூட்டு அது. ஹாரி காப்ளினுக்கு மூணாவது. ரெட் காப்ளினுக்கு ரொம்ப கீழ. ஆனா மூணாவது கேமோட முதல் டிரெய்லர் வரும்போது ஹாஸ்பிடல் பெட்ட மட்டும் உத்துப் பாருங்க. பெட்டுல ஹாரி இருந்தா என் பக்கம் வாங்க. பெட்டு காலியா இருந்து ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சுன்னா, ஹாரிதான் காப்ளின்னு சொன்ன கூட்டத்துக்கிட்ட நான் பிரியாணி வாங்கித் தரணும், அதுவும் மட்டன்.